கணவாய்க்கு இருபுறத்து யானைகள்

பழனியிலிருந்து கொடைக்கானலுக்கு ஏறும் மலைச்சாலையின் அடிவாரத்திலும், பாலாறு பொருந்தலாறு, குதிரையாறு அணைகளை ஒட்டிய தென்னந்தோப்புகளிலும், மக்காச்சோளக் கொல்லைகளிலும் பாடுபடுகிறவர்களிடம் யானையைப் பற்றிப் பேச்செடுத்தால், எத்தனை தென்னங்கன்று போயிற்று, எந்த வேலி சாய்ந்தது என்ற சேதக்கணக்குத்தான் முதலில் வரும். அது முடிந்து ஆற அமரப் பேசுகிற நேரத்தில், அநேகமாக எல்லோர் வாயிலும் வந்து நிற்கும் கேள்வி ஒன்று உண்டு: "இந்த யானை எங்கிருந்து வருகிறது?" ஆனைமலைப் பக்கத்திலிருந்து வருகிறது என்பார் ஒருவர், சத்தியமங்கலத்துக் காட்டிலிருந்து தடம் மாறி வந்தது என்பார் மற்றொருவர், எங்கிருந்து வந்தால் என்ன, யானை யானைதானே என்று மூன்றாமவர் பேச்சை முடித்துவிடுவார்.

கண்ணால் காணும் அளவில் மூன்றாமவர் சொல்வதே சரி. முதுமலையில் பிறந்த கொம்பனையும் டாப்சிலிப்புக் காட்டில் பிறந்த கொம்பனையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால், உருவத்தை மட்டும் கொண்டு எது எந்த மலையைச் சேர்ந்தது என்று பிரித்துச் சொல்வது கைதேர்ந்த பாகனுக்கும் அரிது. ஆனால் அவ்விரண்டின் உடம்பிலும் உள்ள கோடானுகோடி உயிரணுக்களில் ஒன்றை எடுத்து, அதனுள் இருக்கும் பரம்பரைக் குறிப்பைப் படித்துப் பார்க்கிறவருக்கு, இவை நெடுங்காலமாகப் பெண் கொடுத்துப் பெண் எடுக்காத இரு வேறு குடிகள் என்பது விளங்கிவிடும். அதைவிட வியப்பான செய்தி ஒன்றும் அதிலிருந்தே கிடைத்தது. உலகத்திலேயே ஆசிய யானைகள் மிகுதியாக வாழும் காடு நீலகிரியைச் சூழ்ந்த காடு. அப்படியானால் பரம்பரை வகைகளும் அங்கேதான் மிகுதியாக இருக்கவேண்டும் என்று யாரும் எண்ணுவார்கள். ஆராய்ந்து பார்த்தபோது நிலைமை நேர்மாறாக இருந்தது. அது ஏன் என்பதை விளங்கிக்கொள்ளுவதே இந்த அத்தியாயத்தின் நோக்கம்.

நாற்பது கிலோமீட்டர்

மேற்குத் தொடர்ச்சி மலை, தபதி ஆற்றுக்குத் தெற்கே தொடங்கிக் குமரி வரைக்கும் ஏறத்தாழ இடைமுறியாமல் வருகிறது என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். அந்தத் தொடரில் பெரிதாக விழுந்த முறிவு ஒன்றே. அதுதான் பாலக்காட்டுக் கணவாய். வடக்கே நீலகிரியும் அதைச் சார்ந்த கோவை மலைகளும், தெற்கே ஆனைமலையும் அதிலிருந்து கிழக்கே நீண்டுவரும் பழனி மலையும் நிற்க, நடுவே சுமார் 40 கிலோமீட்டர் அகலத்துக்கு மலை தாழ்ந்து சமவெளியாகிவிடுகிறது. ஆனி ஆடி மாதங்களில் உடுமலைப்பேட்டைப் பக்கத்துக் காற்றாலைகளைச் சுழற்றும் காற்று இந்த வழியாகத்தான் நுழைகிறது. திண்டுக்கல்லிலிருந்து பழனி, பொள்ளாச்சி வழியாகப் பாலக்காடு போகும் ரயில் பாதையும் இதனுள்தான் செல்கிறது. சேரநாட்டுத் துறைமுகங்களுக்கும் கொங்குநாட்டுக்கும் இடையே இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே வணிகர்கள் போய்வந்த வழியும் இதுவே.

ஆகவே பழனி மலை கணவாய்க்குத் தென்கரை. மலைக்கோயிலின் பிராகாரத்தில் நின்று தெற்கே பார்த்தால் தெரிகிற காட்டு மடிப்புகளில் திரியும் யானைகள், ஆனைமலையோடு தொடர்புள்ள தென்கரை யானைகள். யானை இந்தப் பிரதேசத்துக்குப் புதிதன்று. பழனியின் பழம்பெயரான பொதினியை அகநானூற்றின் முதற்பாட்டிலேயே மாமூலனார் யானையோடு சேர்த்துச் சொல்லுகிறார்.

கணவாய் மனிதனுக்கு வழியாக இருந்ததே ஒழிய, மலையை விட்டு இறங்காத ஜீவராசிகளுக்குச் சுவராகவே இருந்திருக்கிறது. உயர்ந்த மலைச் சோலைகளின் தரையை ஒட்டித் திரியும் சிறு பறவைகளை ஆராய்ந்தவர்கள், கணவாயின் வடபுறத்தவையும் தென்புறத்தவையும் மிகப் பழங்காலத்திலேயே பிரிந்து வெவ்வேறாகிவிட்டன என்று கண்டார்கள். நமது மாநில விலங்காகிய வரையாட்டிலும் வடக்குக் கிளை, தெற்குக் கிளை என்ற பிரிவு மரபணுவில் தெரிகிறது. பறவையும் வரையாடும் குளிர்ந்த உச்சிகளை விட்டு இறங்கமாட்டா. எனவே அதில் ஆச்சரியம் குறைவு. யானையோ ஓர் இரவில் பல கிலோமீட்டர் நடக்கக்கூடியது. பல நூறு சதுர கிலோமீட்டர் பரப்பைத் தன் வாழிடமாகக் கொண்டு பருவத்துக்குப் பருவம் இடம் மாறுவது. அதற்கு நாற்பது கிலோமீட்டர் எம்மாத்திரம்?

லத்தியிலிருந்து வம்சாவளி

காட்டு யானையைப் பிடித்து நிறுத்தி ரத்தம் எடுப்பது ஆகாத காரியம். அதற்கு அவசியமும் இல்லை. யானை நாள்தோறும் பலமுறை லத்தி போடுகிறது. அந்த லத்தி குடலின் வழியே இறங்கிவரும்போது குடலின் உட்சுவரிலிருந்து உதிர்ந்த உயிரணுக்கள் அதன் மேற்பரப்பில் ஒட்டிக்கொண்டு வருகின்றன. விடியற்காலையில் தடம் பார்த்துப் போகிற ஆராய்ச்சியாளர், இன்னும் சூடு ஆறாத, சாணவண்டுகள் குடையாத, வெயில் படாத லத்தியாகப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறார். புதிய லத்தி உருண்டையின் மேல் மெல்லிய சவ்வு போன்ற ஒரு வழுவழுப்பு பளபளக்கும். உள்ளே இருக்கும் நாரும் மரப்பட்டையும் அவருக்கு வேண்டியதில்லை, அந்தப் பளபளப்பைத்தான் அவர் மெதுவாகச் சுரண்டி, கெடாமல் காக்கும் திரவம் உள்ள சிறு குப்பியில் போட்டு மூடுகிறார். உருண்டையின் சுற்றளவையும் அளந்து குறித்துக்கொள்கிறார். யானை வளர வளர லத்தியும் பருக்கும் என்பதால், போட்டது குட்டியா வளர்ந்ததா என்பது அதிலிருந்து ஒருவாறு தெரியும். பிறகு ஆய்வுக்கூடத்தில், அந்த அணுக்களில் பரம்பரைக் குறிப்பு எழுதப்பட்டிருக்கும் மரபிழையின் (டி.என்.ஏ.) குறிப்பிட்ட சில துண்டுகளை மட்டும் பலகோடி மடங்காகப் பெருக்கிப் படிக்கிறார்கள்.

இந்த முறை இன்று எவ்வளவு தூரம் வளர்ந்துவிட்டது என்பதற்கு ஒரே எடுத்துக்காட்டுப் போதும். 2025-ஆம் ஆண்டு வெளியான அகில இந்திய யானைக் கணக்கெடுப்பு, யானைகளைக் கண்ணால் எண்ணி முடித்ததன்று; டேராடூனில் உள்ள இந்திய வனவுயிர் நிறுவனத்தார் 21,056 லத்தி மாதிரிகளைச் சேகரித்து, அவற்றில் 4,065 தனித்தனி யானைகளை மரபணுவால் அடையாளம் கண்டு, அதன் அடிப்படையில் நாட்டில் சுமார் 22,446 யானைகள் உள்ளன என்று மதிப்பிட்டார்கள்.

தாயோடு தங்கும் பெண், பிரிந்துபோகும் ஆண்

மரபணுவில் எதைப் படிப்பது என்பது அடுத்த வினா. இரண்டு வகைக் குறிப்புகளைப் படிக்கிறார்கள்.

உயிரணுவின் கருவுக்கு வெளியே, அணுவுக்கு வேண்டிய சக்தியை உண்டாக்கித் தரும் நுண்ணுறுப்புகள் உண்டு. அவற்றுக்கு மைட்டோகாண்ட்ரியா, அதாவது இழைமணி என்று பெயர். இழைமணிக்குள் தனக்கென்று ஒரு சிறு மரபிழை இருக்கிறது. அது தாயிடமிருந்து மட்டுமே பிள்ளைக்குப் போகிறது. மகனும் அதைப் பெறுவான், ஆனால் தன் பிள்ளைகளுக்குக் கொடுக்கமாட்டான். இதை நாம் தாய்வழி மரபிழை என்போம். கொங்குநாட்டில் குலப்பெயர் தகப்பன் வழியாக மட்டும் இறங்குகிறதல்லவா? பத்து வெவ்வேறு குலத்தார் ஒரு புது ஊரில் வந்து குடியேறினார்கள் என்று வைத்துக்கொள்வோம். முதல் தலைமுறையில் இரண்டு வீட்டில் பெண்மக்கள் மட்டுமே பிறந்தால் அந்த இரு குலப்பெயர்களும் அவ்வூரில் அற்றுப்போகும். அடுத்த தலைமுறையில் இன்னும் ஒன்றிரண்டு அறும். வெளியிலிருந்து புதியவர் யாரும் வராமற்போனால், காலப்போக்கில் ஊர் முழுவதும் ஒரே குலமாகிவிடக்கூடும். ஒருவருக்கும் எந்தக் குறையும் இல்லை, எந்தக் குலமும் மற்றொன்றைவிட உயர்ந்ததும் இல்லை. பிறப்பின் தற்செயலே அவ்வளவையும் செய்துவிடுகிறது. குலம் தகப்பன் வழி, இது தாய் வழி என்பதைத் தவிர யானையின் கதையும் இதுவே. இவ்வாறு சிறு கூட்டத்தில் தற்செயலாகவே மரபு வகைகள் கூடுவதையும் அற்றுப்போவதையும் விஞ்ஞானிகள் மரபணு நகர்வு என்கிறார்கள்.

இரண்டாவது வகைக் குறிப்பு அணுவின் கருவில் இருப்பது. அங்கே சில இடங்களில் இரண்டு மூன்று எழுத்துகள் கொண்ட சிறு துணுக்கு ஒன்று திரும்பத் திரும்ப அடுக்கி வந்திருக்கும். ஒரு யானையில் பன்னிரண்டு முறை, இன்னொன்றில் பதினைந்து முறை என்று அடுக்கின் நீளம் வேறுபடும். இவற்றை மீள்தொடர்கள் என்று சொல்லலாம். இவை தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என்று இரட்டையாக வருவதால், ஆண் யானைகள் எங்கே போய் யாரோடு கூடின என்பதும் இவற்றில் பதிந்திருக்கும்.

இந்த வேறுபாடு யானை விஷயத்தில் மிக முக்கியம். யானைக் கூட்டம் என்பது ஒரு முதியவளின் தலைமையில் வாழும் தாய், மகள், பேத்தி, சித்தி, குட்டிகள் கொண்ட பெண் குடும்பம். பெண் பிறந்த குடும்பத்தோடேயே பெரும்பாலும் தங்கிவிடுகிறது. ஆண் குட்டியோ பருவம் எட்டும் வயதில், பத்துப் பதினைந்து வயதுக்குள், மெல்ல ஒதுங்கத் தொடங்கிப் பிரிந்துபோய்விடும். பிறகு தனியாகவோ ஓரிரு துணையோடோ திரிந்து, மதம் பிடிக்கும் காலத்தில் நெடுந்தூரம் அலைந்து, வேற்றுக் குடும்பத்துப் பெண்களைத் தேடிச் சேர்கிறது. ஆதலால் தாய்வழி மரபிழை இடத்தோடு ஒட்டியிருக்கும். மீள்தொடர்களோ ஆணின் காலோடு பயணம் போகும்.

பெருங்காட்டில் ஒரே தாய்வழி

இந்திய விஞ்ஞானக் கழகத்து ராமன் சுகுமார் யானைக்காகவே வாழ்நாளைச் செலவிட்டவர். அவரும், டி.என்.சி. வித்யாவும், இலங்கையைச் சேர்ந்த பிரித்திவிராஜ் பெர்னாண்டோவும், அமெரிக்கரான டான் மெல்னிக்கும் சேர்ந்து தென்னிந்திய யானைகளின் மரபணுவை ஆராய்ந்து 2005-இல் வெளியிட்ட கட்டுரை, காட்டில் தன்னிச்சையாகத் திரியும் ஆசிய யானைகளைப் பற்றிய இவ்வகை ஆராய்ச்சிகளில் முதன்மையானது. நீலகிரி–கிழக்குத் தொடர்ச்சி, ஆனைமலை, பெரியாறு ஆகிய மூன்று யானைக் காப்பகங்களிலும் அவர்கள் மாதிரிகளைச் சேர்த்தார்கள்.

அவர்கள் கண்ட முடிவுகளை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்க்கவேண்டும். நீலகிரியைச் சூழ்ந்து சுமார் 15,000 சதுர கிலோமீட்டர் பரப்பில், முதுமலை, பந்திப்பூர், நாகர்ஹொளே, வயநாடு, சத்தியமங்கலம் என்று பரந்து கிடக்கும் அந்தப் பெருங்காட்டில் எங்கே எடுத்த மாதிரியாயினும், தாய்வழி மரபிழை ஒரே வகையாக இருந்தது. ஆயிரக்கணக்கான யானைகள், ஆனால் தாய்வழியில் ஒரே வகை. மீள்தொடர்களின் வகைகளும், தொகையில் சிறியனவாகிய ஆனைமலை, பெரியாற்று யானைகளுடையவற்றைவிடக் குறைவாகவே இருந்தன. அந்தப் பெருங்காட்டுக்குள் ஒரு மூலைக்கும் மறு மூலைக்கும் மரபில் வேற்றுமை ஏறக்குறைய இல்லை. பழங்காலத்தில் ஆண் யானைகள் தடையின்றிப் போய்வந்திருக்கின்றன என்பதற்கு அதுவே ஆதாரம். ஆனைமலைக்கும் பெரியாற்றுக்கும் இடையிலும் அப்படியே வேற்றுமை இல்லை. ஆனால் நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் இடையில், வெறும் நாற்பது கிலோமீட்டர் அகலமுள்ள கணவாயைத் தாண்டியதும், தாய்வழி, மீள்தொடர்கள் ஆகிய இரண்டிலும் தெளிவான வேற்றுமை நின்றது.

மீள்தொடர்களிலும் வேற்றுமை என்பதைக் கவனியுங்கள். பெண் குடும்பங்கள் மட்டும் கணவாயைக் கடக்காமல் இருந்திருந்தால் தாய்வழி மட்டுமே வேறுபட்டிருக்கும். ஆண்களின் கால்வழியே வரும் குறிப்பும் வேறுபட்டிருப்பதால், ஆண்களும் இந்தச் சமவெளியைப் பெரும்பாலும் கடக்கவில்லை என்றே கொள்ளவேண்டும். சமவெளி மனிதனுடையதாகி எத்தனையோ நூற்றாண்டுகள் ஆகிவிட்டன. அதற்கும் முன்னரே மலையின் இடைவெளி தன் வேலையைத் தொடங்கியிருக்கவேண்டும்.

சரி, பெருங்கூட்டத்தில் ஒரே தாய்வழி எப்படி வந்தது? இன்றைய பெருந்தொகை என்றைக்கும் பெருந்தொகையாக இருந்ததென்று நாம் எடுத்துக்கொள்வதில்தான் தவறு இருக்கிறது. பழங்காலத்தில் ஒரு கட்டத்தில் தொகை மிகவும் சுருங்கியிருக்கலாம். அல்லது அந்தக் காட்டில் முதலில் வந்து குடிபுகுந்தவையே சில தாய்களின் சந்ததியாக இருந்திருக்கலாம். இவ்விரண்டையும் சேர்த்துத் தொகைக் குறுக்கம் என்று சொல்லுவோம். குறுக்கத்திலிருந்து மீண்டு தொகை பெருகிவிடலாம்; நல்ல மழையும் நல்ல காடும் இருந்தால் சில நூற்றாண்டுகளே போதும். ஆனால் அற்றுப்போன மரபு வகைகள் அப்படித் திரும்பி வருவதில்லை. புதிய வகை தோன்றவேண்டுமானால் மரபிழையில் அபூர்வமாக நேரும் எழுத்துமாற்றத்துக்காகப் பல்லாயிரம் ஆண்டுகள் காத்திருக்கவேண்டும், அல்லது வெளியிலிருந்து ஓர் அந்நிய யானை வரவேண்டும்.

ஆப்பிரிக்கா கற்பித்தது

தொகைக் குறுக்கம் என்பது ஏட்டுச் சித்தாந்தமன்று என்பதை ஆப்பிரிக்கப் பெருவிலங்குகள் காட்டியிருக்கின்றன. தான்சானியாவில் அணைந்த எரிமலையின் வாய்க்குள் அமைந்த கோரொங்கோரோ பள்ளத்தாக்கில், 1962-இல் ஒருவகைக் கடிஈக்கள் பெருகி, அங்கிருந்த சிங்கங்களில் ஏறத்தாழப் பத்து மட்டுமே மிஞ்சின. பிறகு தொகை பழையபடி ஏறியது. ஆனால் இன்றிருக்கும் சிங்கங்கள் விரல்விட்டு எண்ணத்தக்க சில முன்னோர்களின் சந்ததி, வெளியிலிருந்து புதியவை வந்து சேர்வதும் மிக அருமை. வேகத்துக்குப் பேர்போன சீட்டாவுக்கு நேர்ந்த குறுக்கம் இன்னும் பழமையானது. 1980-களில் ஒன்றோடொன்று உறவில்லாத சீட்டாக்களின் தோலை மாற்றி ஒட்டிப் பார்த்தபோது, அந்நியத் தோலை உடம்பு உடனே தள்ளிவிடாமல் தன்னுடையது போலவே ஏற்றுக்கொண்டது. அவ்வளவு தூரம் அவை எல்லாம் ஒரே வார்ப்பு.

யானைக்கு வருவோம். தென்னாப்பிரிக்காவின் ஆடோ பகுதியில், பயிரைக் காப்பதற்கென்று 1919-இல் அமர்த்தப்பட்ட மேஜர் பிரிட்டோரியஸ் என்ற வேட்டைக்காரர் ஓராண்டுக் காலத்தில் நூற்றுக்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டு வீழ்த்தினார். 1931-இல் எஞ்சியவற்றுக்காகப் பூங்கா அமைத்தபோது இருந்தவை பதினொன்று. ஆப்பிரிக்க யானையில் பெண்ணுக்கும் தந்தம் உண்டு. ஆனால் ஆடோவில் பிற்காலத்துப் பெண்கள் அநேகமாக எல்லாமே தந்தமற்றவை, ஏனெனில் தப்பிய சிலவற்றில் தந்தமற்ற பெண்கள் அதிகமாக இருந்தன, அவற்றின் மரபு சிறு கூட்டத்தில் தற்செயலாகவே பெருகிவிட்டது.

மொசாம்பிக்கின் கோரொங்கோசாவில் நடந்தது வேறு. 1977 முதல் 1992 வரை நடந்த உள்நாட்டுப் போரில் படையினர் தந்தத்துக்காகவும் இறைச்சிக்காகவும் அங்கிருந்த யானைகளில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் கொன்றுவிட்டார்கள். போருக்கு முன் ஐந்தில் ஒன்றுக்கும் குறைவாக இருந்த தந்தமற்ற பெண்கள், போருக்குப் பின் பாதியளவாயின. இது தற்செயலன்று, தந்தம் உள்ளதைத் தேடித் தேடிக் கொன்றபடியால், இல்லாதது பிழைத்துப் பிள்ளை பெற்றது. 2021-இல் வெளிவந்த ஆராய்ச்சி, இந்தத் தந்தமின்மைக்குக் காரணமான மரபணுக்கூறு தாயிடமிருந்து மகளுக்குப் போகும்போது மகள் பிழைக்கிறாள், மகனுக்குப் போனால் அவன் கருவிலேயே மடிகிறான் என்று காட்டிற்று. ஆகத் துப்பாக்கி, பிறக்கவிருந்த ஆண் குட்டிகளையும் சேர்த்தே கொன்றிருக்கிறது. ஆடோவில் நகர்வு, கோரொங்கோசாவில் தேர்வு. விளைவு ஒன்றுபோலத் தோன்றினாலும் காரணம் வேறு என்பதை இந்த இரண்டும் அருகருகே நின்று தெளிவாக்குகின்றன.

நூற்றொரு யானை நான்காகிவிடுவது எப்படி?

நம் நாட்டில் தந்தவேட்டை வேறொரு கேட்டை விளைத்தது. ஆசிய யானையில் பெண்ணுக்கு வெளியே நீண்ட தந்தம் கிடையாது. எனவே திருட்டு வேட்டைக்காரனின் குண்டு கொம்பனை மட்டுமே தேடிப் போகும். பெரியாற்றில் 1980-களின் இறுதியில், நூற்றுக்கு மேற்பட்ட வளர்ந்த பெண்களுக்கு ஒரே ஒரு வளர்ந்த ஆண் என்ற அளவுக்கு நிலைமை கெட்டுவிட்டது.

தலைகளை எண்ணுகிறவருக்கு அங்கே யானைகள் ஏராளம். மரபைக் கணிக்கிறவருக்கோ? ஒவ்வொரு குட்டிக்கும் பாதி மரபு தாயுடையது, பாதி தந்தையுடையது. நூறு தாய்கள் பெற்ற குட்டிகளுக்கெல்லாம் தந்தை ஒருவனே என்றால், அந்தத் தலைமுறை முழுவதும் தகப்பன் வழியில் உடன்பிறந்தவையாகிவிடும். தாய்ப்பாதி நூறு வகையாக இருந்தும், தந்தைப்பாதி ஒன்றே. இதைக் கணக்கிட்டுப் பார்த்தால், நூறு பெண்ணும் ஓர் ஆணுமாகிய நூற்றொரு யானைகளின் கூட்டம், மரபு வகைகளைக் காப்பாற்றும் சக்தியில், இரண்டு ஆணும் இரண்டு பெண்ணுமாகிய நான்கே யானைகளின் கூட்டத்துக்குச் சமம் என்று வரும். விஞ்ஞானிகள் இந்தச் சிறு எண்ணைப் பயனுறு தொகை என்கிறார்கள். யானைக் கணக்கெடுப்பு முடிந்து தொகை கூடியது, குறைந்தது என்று பத்திரிகைகளில் வருகிறபோதெல்லாம், அந்தத் தொகையில் வளர்ந்த ஆண்கள் எத்தனை என்று ஒரு கேள்வி கேட்கும் பழக்கம் வாசகர்களுக்கு வரவேண்டும் என்பது என் ஆசை.

இன்னொன்றும் சொல்லவேண்டும். யானையின் ஒரு தலைமுறை என்பது இருபது இருபத்தைந்து ஆண்டுகள். சென்ற நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து இன்றுவரை ஐந்தாறு தலைமுறைகளே கடந்திருக்கின்றன. எனவே இன்று லத்தியில் நாம் படிப்பது நம் கொள்ளுத் தாத்தா காலத்துக்கும் முந்திய காட்டின் செய்தி. நாம் இன்று குறுக்கே போடுகிற சாலையும், வாய்க்காலும், வேலியும் மரபணுவில் தெரிய இன்னும் சில தலைமுறைகள் ஆகும். இன்றைய ஆராய்ச்சியில் வேற்றுமை தெரியவில்லை, ஆகவே வழிகள் நன்றாகத்தான் இருக்கின்றன என்று யாரேனும் வாதித்தால் அது பொருந்தாது.

இரண்டாவது கணவாயும் இடம்பெயர்க்கப்பட்ட யானைகளும்

2005-இல் மரபிழையின் சில துண்டுகளைத்தான் படிக்க முடிந்தது. 2024-இல் பெங்களூரைச் சேர்ந்த உமா ராமகிருஷ்ணனின் குழுவினர், இந்தியாவின் பல பகுதிகளைச் சேர்ந்த யானைகளின் முழு மரபுத்தொகுதியையும் படித்து வெளியிட்டார்கள். இந்திய யானைகள் ஐந்து குடிகளாகப் பிரிகின்றன என்பது அவர்கள் முடிவு: வடக்கே இமயமலை அடிவாரம் முதல் வடகிழக்கு வரை ஒன்று, மத்திய இந்தியாவில் ஒன்று, தெற்கே மூன்று. தெற்கின் மூன்றைப் பிரிப்பவை இரண்டு கணவாய்கள். ஒன்று பாலக்காடு, மற்றொன்று செங்கோட்டை. வடக்கிலிருந்து தெற்காகக் குடி பெயர்ந்து வந்த யானைகள், ஒவ்வொரு படியிலும் சிறு கூட்டமாகவே அடுத்த இடத்தை அடைந்தபடியால், தெற்கே வர வர மரபு வகை மொத்தத்தில் குறைந்து வருகிறது; 2005-இல் படித்த சில துண்டுகளில் மட்டும் நீலகிரி, ஆனைமலை ஒப்பீடு வேறாகத் தெரிந்தது. செங்கோட்டைக் கணவாய்க்குத் தெற்கே, களக்காடு, அகத்தியமலைப் பக்கத்தில் வாழும் சிறு குடி வகை குன்றியவற்றுள் ஒன்று.

இந்த அறிவு ஆய்வுக்கூடத்தோடு நின்றுவிடுகிற விஷயமன்று. 2023 பிப்ரவரியில் தருமபுரி மாவட்டத்தில் பிடிபட்ட ஒரு மக்னாவை, அதாவது தந்தமற்ற ஆண் யானையை, வனத்துறையினர் ஆனைமலைக் காட்டில் கொண்டுவந்து விட்டார்கள். அது அங்கே தங்காமல் பொள்ளாச்சிச் சமவெளியில் இறங்கி, நடந்தே கோவை நகரத்தின் ஓரம்வரை போய்விட்டது. மறுபடி பிடித்து மீண்டும் ஆனைமலையிலேயே விட்டார்கள். வடகரைக் குடியைச் சேர்ந்த ஆண் ஒன்று தென்கரைக்கு வந்து, மறுபடி வடகரையை நோக்கி நடந்தது இது. அதே ஆண்டு சின்னக்கானலில் பிடிபட்ட அரிக்கொம்பன் என்ற ஆண் யானை பெரியாற்றுக்கும், பிறகு கம்பம் வழியாக வந்து பிடிபட்டு, ஜூன் மாதத்தில் செங்கோட்டைக் கணவாய்க்குத் தெற்கே மேல்கோதையாற்றுக்கும் கொண்டுபோகப்பட்டது.

மக்களின் உயிரையும் உடைமையையும் காக்கவேண்டிய அவசரத்தில் எடுத்த முடிவுகள் இவை. அதில் குற்றம் காண்பது என் நோக்கமன்று. ஆனால் இடம் பெயர்க்கப்படும் ஒவ்வோர் ஆணும் ஒரு குடியின் மரபை இன்னொரு குடியில் கொண்டுபோய்ச் சேர்க்கக்கூடியது. மரபு வகை குன்றிய சிறு குடிக்குப் புதிய இரத்தம் நன்மையாகவும் முடியலாம். நெடுங்காலம் தனித்து அந்தந்த மலைக்கு இசைந்துபோன குடிகளைக் கண்டபடி கலப்பது தீமையாகவும் முடியலாம். எப்படியாயினும், லாரியில் ஏற்றுவதற்கு முன்னால் ஒரு குப்பி லத்தியைப் பரிசோதனைக்கு அனுப்பி, இது எந்தக் குடி, போகிற இடத்தில் இருப்பது எந்தக் குடி என்று எழுதிவைக்கும் வழக்கம் வனத்துறைக்குக் கட்டாயமாகவேண்டும் என்பது என் திடமான அபிப்பிராயம்.

அடிவாரத்துக்கு இறங்கும் கொம்பன்

பழனி அடிவாரத்துக்குத் திரும்புவோம். பயிருக்குள் வருகிற யானைகள் யாவை? சுகுமார் 1980-களில் சத்தியமங்கலம் பக்கத்துக் காடுகளில் செய்த ஆராய்ச்சியில், பெண் குடும்பங்களைவிட வளர்ந்த ஆண்களே மிக அடிக்கடி வயலுக்குள் இறங்குகின்றன என்று கண்டறிந்தார். அதற்குக் காரணமும் உண்டு. குட்டிகளை உடன் வைத்திருக்கும் தாய் ஆபத்துக்கு அஞ்சும். ஆணுக்கோ உடல் பெருத்து, மதம் பிடித்து, போட்டியில் வென்றால்தான் பெண் துணை கிட்டும். சத்துள்ள கதிரும் கரும்பும் அந்த உடம்பை வளர்க்கின்றன. ஆகவே அது துணிந்து இறங்குகிறது.

இதன் பொருளை முன்பு சொன்னவற்றோடு சேர்த்துப் பாருங்கள். பெண் குடும்பங்கள் இடத்தோடு ஒட்டியவை. ஒரு காட்டின் மரபை இன்னொரு காட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பவை ஆண்கள். ஆனைமலைக்கும் பெரியாற்றுக்கும் இடையே இன்னும் மரபு வேற்றுமை உண்டாகாமல் காத்துவந்தவை இந்த அலையும் ஆண்களே. தந்தவேட்டை அவற்றைத் தேடிக் கொன்றது. இப்போது வேட்டை தணிந்திருக்க, தோட்டத்து வேலியில் வீட்டு மின்சாரத்தை நேராக இணைத்துவிடும் கொடிய பழக்கம் அவற்றைத் தேடிக் கொல்லுகிறது. ஏனென்றால் வேலியை முதலில் தொடுவது ஆணே. மின்கலத்தில் இயங்கும் சூரிய மின்வேலி அதிர்ச்சி கொடுத்துத் திருப்பி அனுப்பும்; நேராக இணைத்த வீட்டு மின்சாரம் கொன்றுவிடும். யானையை மட்டும் அல்ல, இருட்டில் வரப்பில் நடக்கும் மனிதனையும் அது கொல்லும். பல இடங்களில் கொன்றும் இருக்கிறது.

சேதத்தை விவசாயி ஒருவனே தாங்கவேண்டும் என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. ஓர் இரவில் பத்துத் தென்னையை இழந்தவனுக்கு உரிய இழப்பீடு, அலைக்கழிப்பின்றி, அடுத்த நடவுக்கு முன் கையில் வந்து சேரவேண்டும். மலையின் யானை நாடு முழுவதற்கும் சொந்தம் என்றால், அதன் செலவும் நாடு முழுவதையும் சேர்ந்தது. அரசாங்கத்தார் அதைச் செய்யட்டும். குதிரையாற்றிலும் பாலசமுத்திரத்திலும் ஆயக்குடியிலும் தோட்டம் வைத்திருக்கும் அன்பர்களிடம் நான் வேண்டிக்கொள்வது ஒன்றே: வேலியில் வீட்டு மின்சாரத்தை நேராக இணைக்காதீர்கள். உங்கள் கொல்லையில் இறங்குகிற அந்தத் தனிக்கொம்பன்தான் ஆனைமலைக்கும் பழனி மலைக்கும் இடையே இன்னும் உறவை இழுத்துக் கொண்டுபோகிறவன். அவன் மடிந்தால் அந்த வேலையைச் செய்ய அடுத்த ஆண் வளர்ந்து வருவதற்கு இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆகும்.